சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

1

இன்றைய நாட்குறிப்பைக் காலையிலேயே எழுதத் தொடங்கிவிட்டேன். வழக்கமாகச் சாயங்காலம் விளக்கேற்றிய பிறகுதான் எழுதுவேன். இன்று பொறுக்கவில்லை. திருமதி முவாலே எங்கள் ஆஸ்பத்திரிப் படியேறி வந்து இன்றோடு சரியாக ஒரு வருஷம்.

குழாயில் தண்ணீர் ஐந்து பத்துக்கு வந்தது, ஐந்து ஐம்பதுக்கு நின்றது. ஆறு குடமும் ஒரு வாளியும் நிரம்பின. என் கணவர் ஆறு ஐம்பத்தைந்துக்கு டிராம்பே பஸ்ஸுக்குப் போனார். மகள் ஜாய்ஸ், பதினாலு வயது, "மம்மி, மேரா டிபன் எங்க?" என்று பாதி இந்தியும் பாதி தமிழுமாகக் கத்திவிட்டு டிபனை மறந்து ஓடினாள். நான் ஏழு இருபத்தாறு வண்டியைச் செம்பூரில் பிடித்தேன். இரண்டு நிமிஷம் தாமதம். இதை வார்டில் டீ இடைவேளையில் எழுதுகிறேன்.

இந்தப் பக்கங்களை ஊரிலிருக்கும் உங்களுக்கும் அனுப்பப்போகிறேன், ஆகவே என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நர்ஸ் படிப்பு முடித்துப் பம்பாய்க்கு வந்து பத்தொன்பது வருஷமாகிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். பத்தொன்பது வருஷமும் ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். என் மகளால் அதில் ஒரு பக்கத்தைக்கூடச் சரளமாக வாசிக்க முடியாது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என்ன மம்மி, எல்லாம் டைம் டைமா இருக்கு?" என்கிறாள்.

போன வருஷம், எண்பத்தெட்டில், திருமதி முவாலே வந்திருந்த நாட்களுக்கும் அதையடுத்த வாரத்துக்கும் நான் எழுதியிருப்பதை முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நோயாளியின் பெயரையும் அவர் வீட்டாரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அது திருமதி முவாலேயின் முதல் விதி.

2

ஆப்பிரிக்காவில் சாம்பியா என்றொரு நாடு. அங்கே ஒரு மாவட்டம் முழுவதற்கும் நர்ஸ்களின் தலைவி அவர். பயிற்சி ஒன்றுக்காக இந்தியா வந்தவர், எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் பத்து நாள் தங்கினார். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. தட்டையான செருப்பு. அவர் நடந்தால் நான் ஓடவேண்டும்.

அப்போது எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே எங்கள் வார்டில் எல்லாரும் சுவரைப் பார்ப்பார்கள். எங்களிடம் ஒரே ஒரு நோயாளி இருந்தார். செல்வராஜ், இருபத்தெட்டு வயது, தாராவியில் தோல் வெட்டுகிறவர், நம் திருநெல்வேலிப் பக்கம். வராந்தாக் கோடியில் தனி அறை. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள்.

திருமதி முவாலே வந்த முதல் நாள் அந்த அறைக்குள் போய்க் கட்டிலின் மேலேயே உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். செல்வராஜ் அவரைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்தார்.

"சிஸ்டர், அந்தம்மாட்ட எந்திரிக்கச் சொல்லுங்க. இது என் கட்டிலு."

அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் நான் மெதுவாக, "இவருக்கு இது எப்படி வந்தது என்று..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது தெரிந்தால் நீங்கள் அவருக்குச் செய்யப்போவது மாறுமா?" என்றார். மாறாது என்றேன். "அப்படியானால் கேட்காதீர்கள். யாருடைய பெயரையும் எங்கேயும் சொல்லாதீர்கள்." அன்றிலிருந்து நான் கேட்டதில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் சொன்ன கதைகளை மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய ஆஸ்பத்திரியில் கட்டில்கள் போதவில்லையாம். கட்டில் கேட்டு யாருக்கும் எழுதிக்கொண்டிருக்காமல், நர்ஸ்களை வீடுகளுக்கே அனுப்பினாராம். சைக்கிளில், ஜீப்பில், மழைக்காலத்தில் ஓடத்தில். ஊர்த்தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினாராம். ஒரு வயதான ஊர்த்தலைவர், எல்லாரும் கூடியிருந்த ஒரு துக்க வீட்டில், நோயாளி இருந்த பாயில் போய் உட்கார்ந்து அவரோடு ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டாராம். "நான் ஒரு வருஷம் பேசிச் செய்ய முடியாததை அவர் கால் மணி நேரத்தில் செய்தார்," என்றார். பெருமையாகச் சொன்னார், பொறாமையோடும் சொன்னார்.

எனக்குக் கை பரபரத்தது. அதுவரையான பதினெட்டு வருஷ வேலையில் ஒரு தட்டைக் கதவுக்கு வெளியே வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

3

செல்வராஜுக்கு வந்த நிமோனியா குணமாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சம்மதித்தார். ஆனால் ஷிண்டே சம்மதிக்கவேண்டும்.

ஷிண்டே எங்கள் அலுவலகக் குமாஸ்தா. மராத்திக்காரர், நல்ல மனிதர், படிவங்களின் மேல் பக்தி உள்ளவர். சிஸ்டர்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே போகப் படிவமே இல்லை. ஆகவே ஆம்புலன்ஸுக்கான படிவத்தை எடுத்தார். அதில் 'நோய்' என்று ஒரு கட்டம். நான் அதைக் காலியாக விட்டேன்.

"காலி கைஸே சோடூம், சிஸ்டர்? காலியா விட்டா மேலே போகாது."

கொஞ்சம் யோசித்து, 'நிமோனியா, குணமாகிவிட்டது' என்று எழுதினேன். பொய்யில்லை.

ஷிண்டே கண்ணாடியைக் கழற்றினார். "டீக் ஹோ கயா தோ க்யூம் ஜாதே ஹோ? குணமானவர் வீட்டுக்கு எதற்குப் போகிறீர்கள்?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் திருமதி முவாலே பதில் சொன்னார்: "நோயாக இருந்தபோது அவர்தான் இங்கே வந்துவிட்டாரே."

ஷிண்டே ஒரு நிமிஷம் அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார். மூன்று இடத்தில்.

4

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. சயானில் இறங்கி நடந்தோம். தாராவிச் சந்துக்குள் திருமதி முவாலே பல இடங்களில் குனிந்தே வந்தார். எங்களுக்குப் பின்னால் இருபது குழந்தைகள்.

வீடு என்பது ஓர் அறை. மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு பரண். அண்ணன் தங்கராஜ், அவர் மனைவி பொன்னுத்தாய், இரண்டு பிள்ளைகள், செல்வராஜ். ஏணிக்கடியில் பாயைப் போட்டுச் செல்வராஜ் உட்கார்ந்திருந்தார். கதவோரம் ஒரு பலகையில் தனியாக ஒரு தட்டும் ஒரு எவர்சில்வர் டம்ளரும். டம்ளரின் இடுப்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"வாங்க சிஸ்டர், உள்ள வாங்க," என்றார் பொன்னுத்தாய். "இந்தம்மா எந்தூரு? ஏ யாத்தா, என்ன ஒசரம்! தலைய பாத்து வரச் சொல்லுங்க."

"ஆப்பிரிக்கா."

"அங்கயும் இந்த நோக்காடு இருக்கா?"

"நிறைய இருக்கு. இவங்கதான் அங்க அதுக்கு எதிரா நிக்கிறாங்க."

தங்கராஜ் முந்திக்கொண்டார். "சிஸ்டர், நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு சந்தோஷம். ஆனா டிக்கெட் எடுத்தாச்சு. வார ஞாயித்துக்கெழம மெட்ராஸ் வண்டி. ஊர்ல எங்க பழைய வீடு சும்மாத்தான் கெடக்கு. அங்க போயி இருக்கட்டும்."

"அங்க யாரு இருக்காங்க?"

"ஆரும் இல்ல."

"சோறு யாரு பொங்கிக் குடுப்பாங்க?"

தங்கராஜ் வெளியே நின்ற தன் பிள்ளைகளைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரில்லை. பயந்த மனிதர்.

செல்வராஜ் அந்த உடம்போடு தனியாக இரண்டு நாள் ரயிலில் போய், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். எத்தனை வாரம் தாங்குவார் என்று எனக்கும் தெரியும், திருமதி முவாலேக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த வீட்டின் மனசு மாறவேண்டும்.

"இந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்று கேட்டார் திருமதி முவாலே.

"நாந்தான், வேற ஆரு?" என்றார் பொன்னுத்தாய்.

உடனே அவர் தங்கராஜை விட்டுவிட்டுப் பொன்னுத்தாயின் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் பேசினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் எழுதித் தயாரித்த பேச்சு. "இது காத்துல பரவாது. தொட்டாப் பரவாது. ஒரே தட்டுல சாப்பிட்டா, ஒரே டம்ளர்ல குடிச்சாப் பரவாது. ரத்தம் பட்டா மட்டும் கவனமா இருக்கணும், அதுக்கு எப்படின்னு நான் காட்டித் தாரேன்." பத்து நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன். பொன்னுத்தாயின் முகம் இளகுவதைப் பார்த்தேன். "அப்ப பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராதா?" என்று கேட்டார். வராது என்றேன்.

அவர் எழுந்து இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். திருமதி முவாலே டம்ளரை உதட்டில் வைத்து ஒரே மூச்சில் குடித்து, இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார்.

நான் என் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் வாயில் ஊற்றிக் குடித்தேன். வெயிலில் வந்த தாகம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியாடே!" என்றார் தங்கராஜ், தம்பியிடம். "நம்ம சிஸ்டருக்கே பயம்."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பு முழுக்கச் சூடு. "ஐயோ, அதில்ல. எங்க வீட்டுல சின்ன வயசுலேருந்து இப்படித்தான் குடிப்போம்!"

"எங்க வீட்லயுந்தான் சிஸ்டர்," என்றார் பொன்னுத்தாய். குரலில் கோபமில்லை. "நாங்களும் தூக்கித்தான் குடிப்போம். ஆனா இன்னைக்கு அந்தம்மா குடிச்சதப் பாத்தேன். அதுக்கப்புறம் உங்களப் பாத்தேன்."

"விடுங்க மதினி," என்றார் செல்வராஜ் பாயிலிருந்து. "சிஸ்டரு மேல என்ன தப்பு. நான் ஞாயித்துக்கெழம போயிருதேன்."

5

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாட்குறிப்பில் அந்த நாளுக்கு ஒரே வரிதான் இருக்கிறது: 'தண்ணீர் குடித்தேன்.'

நடந்ததை நான் விளக்கிச் சொன்னபோது திருமதி முவாலே முதலில் நம்பவில்லை. "உதடு படாமலா? நீங்கள் எல்லாருமா? மூக்கில் போகாதா?" பிறகு சிரிக்கத் தொடங்கினார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்ன செய்தேன் தெரியுமா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. முதன்முதலில் அவர் போன வீட்டில், பழக்க தோஷத்தில் ரப்பர் கையுறையோடு நோயாளிக்குக் கை கொடுத்துவிட்டாராம். அடுத்த தடவை போனபோது நோயாளியின் அம்மா அவர் கழற்றிவிட்டு வந்த அதே கையுறையைக் கழுவிக் காயவைத்து வாசலிலேயே நீட்டினாராம். 'உள்ளே வருமுன் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான்.'

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கையுறையில்லாமல் மறுபடி போனேன். வேறென்ன செய்ய? பேசியதைப் பேச்சால் சரி செய்யலாம். கையால் செய்ததைக் கையால்தான் சரி செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது."

"நீங்களும் வருவீர்களா?"

"நான் வியாழக்கிழமை ஊருக்குப் போகிறேன். நான் வந்து குடித்தால், ஆப்பிரிக்காக்காரி, அவளுக்கு என்ன தெரியும் என்பார்கள். நீங்கள் அவர்கள் ஊர். குடித்தது நீங்கள்தான்."

6

ஊரில் நம் வீடுகளில் டம்ளரில் வாய் வைத்தால் தலையில் ஒரு குட்டு விழும். என் தலையிலும் விழுந்திருக்கிறது. டீ, காப்பி வேறு கணக்கு. அது சூடு, உறிஞ்சலாம். தண்ணீர் அப்படியில்லை. நான் ஜாய்ஸை இதற்காக எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! பள்ளிக்கூடத்து பாட்டிலில் வாய் வைத்து, தோழிகளோடு மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு வருவாள். "பம்பாயில பிறந்தா எச்சில் பத்தே தெரியாமப் போச்சு" என்பேன்.

புதன்கிழமை மாலை சமையலறையில் டம்ளரோடு நின்று பழகிக்கொண்டிருந்தேன். வாய் வைத்துக் குடிக்கவேண்டும் என்று நினைத்து எடுத்தால் உதட்டில் வைக்கிறேன். நினைக்காமல் எடுத்தால் கை மேலே போகிறது. ஜாய்ஸ் வந்து நின்றாள்.

"மம்மி, க்யா கர் ரஹீ ஹோ? என்ன பண்றே?"

சொன்னேன். பெயர் சொல்லவில்லை, விஷயத்தைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான். ஆனால் சிரித்து முடித்து, போய்த் தன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குடி."

தூக்கினேன். முழங்கையில் ஒரு தட்டு.

"நீச்சே! கீழ! மறுபடி."

ஒன்பது டம்ளர். ஏழு முறை ஸ்கேல் விழுந்தது. கடைசி இரண்டும் சரியாக வந்தன. என் கணவர் வாசற்படியில் நின்று, "இனிமே பிள்ளையத் திட்ட முடியாது, டைரியில எழுதிக்கோ," என்றார். எழுதிக்கொண்டேன்.

7

வெள்ளிக்கிழமை. இரண்டாவது முறை போக ஷிண்டே இன்னொரு படிவம் கேட்டார். 'குணமாகிவிட்டது' என்று எழுதியவரை ஏன் மறுபடி பார்க்கவேண்டும் என்று அவர் கேட்பதற்குள் நானே சொன்னேன்: "தப்பு செய்துவிட்டேன், சரி செய்யப் போகிறேன்." ஷிண்டே படிவத்தைப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை. "ஜாவோ, சிஸ்டர், போங்க," என்று வெறும் கையை அசைத்தார். அவர் படிவமில்லாமல் யாரையும் அனுப்பியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நான்கு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். தங்கராஜும் இருந்தார். மூலையில் ஒரு துணிப்பை, ஜிப் போட்டு, தயாராக.

"உக்காருங்க சிஸ்டர்," என்றார் பொன்னுத்தாய். "தண்ணி குடிக்கீயளா?"

"குடிக்கேன். அதுல குடுங்க."

"எதுல?"

பலகையைக் காட்டினேன்.

"சிஸ்டர், வேண்டாம்," என்றார் தங்கராஜ்.

"அது எனக்குள்ளது சிஸ்டர்," என்றார் செல்வராஜ். எழுந்தே விட்டார்.

"தெரியும். தாகமா இருக்கு, குடுங்க."

பொன்னுத்தாய் கொழுந்தனைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பிறகு அந்த டம்ளரை எடுத்துக் குடத்தில் முகந்து கொடுத்தார். சிவப்பு நூல் என் விரலில் பட்டது. ஈரமாக இருந்தது.

என் கை மேலே போயிற்று. மோவாய் வரை போய்விட்டது. முழங்கையில் ஜாய்ஸின் ஸ்கேல் விழுந்தது போலிருந்தது. கீழே இறக்கி, விளிம்பை உதட்டில் நன்றாக அழுத்தி வைத்துக் குடித்தேன். பதற்றத்தில் பாதி புரையேறிவிட்டது. இருமினேன், தண்ணீர் மோவாயில் வழிந்து சேலையெல்லாம் நனைந்தது.

"ஐய! சிஸ்டர்!" என்று கத்தினார் பொன்னுத்தாய். "இவ்வளவு படிச்சிட்டு இப்படியா சப்பிக் குடிப்பாவ? சின்னப்பிள்ள மாதிரி!"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். செல்வராஜ் சிரித்தார். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் பார்த்திருக்கிறேன், அந்த மனிதர் சிரித்து நான் கேட்டதில்லை. தங்கராஜ் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மூலையில் துணிப்பை அப்படியே இருந்தது. மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் செய்ய எனக்கு எதுவும் தெரியவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. வண்டி கிளம்பும் நேரத்துக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கு அப்புறமும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குச் சந்துக்குள் நுழைந்தபோது கால் வேகமாகவும் போயிற்று, போகவும் மறுத்தது. கதவு திறந்திருந்தது. ஏணிக்கடியில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. துணிப்பையும் இல்லை.

நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சிஸ்டர் பேய் மாதிரி முழிக்கீய?" பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து திரும்பினார். "மேல இருக்கான். கீழ வெளிச்சம் பத்தலையாம். அவன் வேல பாத்த காதர் பாய் கடையிலருந்து தோலு குடுத்து விட்டிருக்காவ, இருந்த எடத்துலயே வெட்டட்டும்னு."

பரணிலிருந்து கத்தரிச் சத்தம் நின்றது. "வந்துட்டீயளா சிஸ்டர்? சேல காஞ்சிருச்சா?"

"இவன் அண்ணன் டிக்கெட்டத் திருப்பிக் குடுக்கப் போயிருக்காவ," என்றார் பொன்னுத்தாய். "நேத்தும் போனாவ. அந்த ஜன்னல் இல்ல, இந்த ஜன்னலுன்னு அலைய விடுதானுவ. அலையட்டும். எடுக்கும்போது யோசிச்சிருக்கணும்."

நான் கதவோரப் பலகையைப் பார்த்தேன். அதில் இப்போது பிள்ளைகளின் புத்தகங்கள். அடுப்பருகே ஐந்து டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எதிலும் நூல் இல்லை.

"நூல் எங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வெளக்குனேன். அவுந்து எங்கயோ போச்சு. இப்ப எது எவனுதுன்னு எனக்கே தெரியல. கையில அகப்பட்டதுல குடிங்க. இந்தத் தடவையாவது சிந்தாம."

இது நடந்து ஒரு வருஷம். இந்த நோயைக் குணமாக்க இன்னும் மருந்து வரவில்லை. அதை நான் அந்த வீட்டிலும் மறைக்கவில்லை. போன மாதம் செல்வராஜ் ஒரு கிலோ கூடியிருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் இப்போது எனக்கு நான்கு வீடுகள். ஷிண்டே தன் கையால் கோடு போட்டுத் தனிப் படிவம் தயாரித்திருக்கிறார். அதில் 'நோய்' என்ற கட்டம் கிடையாது. திருமதி முவாலேக்கு இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பதிலில் அவர் கேட்ட முதல் கேள்வி, அவரும் அண்ணாந்து குடித்துப் பழகுகிறாராம், மூக்கில் போகாமலிருக்க என்ன செய்யவேண்டும் என்பது.

அந்தச் செவ்வாய்க்கிழமையின் நாட்குறிப்பை அப்படியே இங்கே எடுத்தெழுதிவிட்டு வார்டுக்குப் போகிறேன். இன்றும் செவ்வாய்க்கிழமைதான், இன்னும் ஆறு மணி நேரத்தில் முதல் வீட்டில் இருக்கவேண்டும்.

'செவ்வாய். தாராவி, பிற்பகல் 4.05. தண்ணீர், இரண்டு டம்ளர். யாருடையது: தெரியவில்லை.'